ரூட் 28-ஐ முதல்ல சரி பண்ணுங்க: ஒரு வேட்பாளரோட நிலைப்பாடுகளை எப்படிப் படிக்கிறது?

(இந்த எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ரோட்டைப் பத்திப் பேசப் போறேன். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல இருக்குற ஒரு சாதாரண ரோடு. பேரு ரூட் 28. பார்க்கப் பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் டயர் கடை, பெட்ரோல் பங்க், பழைய ஓட்டல். கடைக்குக் கடை உள்ள திரும்புற வண்டிங்க. சிக்னல் தாண்டினா இன்னொரு சிக்னல்.

2022-ல ஒரு ஒன்பது மாசம் ஆன்சைட்ல அங்க இருந்தேன். மனாஸஸ் ஊர்ல வீடு, வடக்கே கொஞ்ச தூரத்துல கிளையன்ட் ஆபீஸ். நடுவுல புல் ரன்னுன்னு ஒரு சின்ன ஆறு. ஆத்துக்கு இந்தப் பக்கம் பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டி, அந்தப் பக்கம் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி. கவுன்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா அதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு. மேப்ல பாத்தா சில மைல்தான். காலைல எட்டு மணிக்குக் கிளம்பினா அந்தச் சில மைலுக்கு நாப்பது நிமிஷம் ஆகும். ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்துல ரோட்டை அகலப்படுத்துற வேலை வேற நடந்துட்டிருந்துச்சு. வரிசையா ஆரஞ்சு டிரம் வச்சிருப்பாங்க.

வண்டியைப் பகிர்ந்துக்கிட்ட தெலுங்கு நண்பர் ஒருத்தர் ஒரு நாள் சிக்னல்ல நிக்கும்போது சொன்னார்: "இந்த டிராஃபிக்கை வச்சே ஒருத்தங்க எலெக்‌ஷன்ல ஜெயிச்சாங்க, தெரியுமா?" எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பேர் கேட்டேன். டேனிகா ரோம்னு சொன்னார்.

ஆபீஸ் போனதும் தேடினேன். இங்க ஒரு உண்மையை ஒத்துக்கணும். தேடலோட முதல் வரியிலேயே வந்தது, அவர் ஒரு திருநங்கைங்கிறது. அவ்வளவுதான், மதியம் வரைக்கும் அதைப் பத்தியே படிச்சுட்டிருந்தேன். எப்போ மாறினார், வீட்ல என்ன சொன்னாங்க, எதிர்த்து நின்னவர் என்னென்ன பேசினார்னு. சாயங்காலம் திரும்பி வரும்போது அதே சிக்னல்ல நிக்கிறேன். அப்பதான் உறைச்சுது. நண்பர் எனக்குச் சொன்னது ரோட்டைப் பத்தி. அந்த ரோட்டுக்கு அவர் என்ன பண்றதாச் சொன்னார்னு நான் ஒரு வரிகூடப் படிக்கல.

இந்த எபிசோடு அந்த ஒரு வரியைப் பத்தினது.

ரெண்டு வேட்பாளர்கள்

2017 நவம்பர் 7. வர்ஜீனியா சட்டமன்றத்தின் கீழவைக்குத் தேர்தல். அதோட பேரு ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ். மொத்தம் 100 இடம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். உறுப்பினருக்குச் சம்பளம் வருஷத்துக்கு 17,640 டாலர். அதாவது மாசம் 1,470 டாலர். அந்தப் பகுதியில வீட்டு வாடகைக்கே பத்தாது. சபையும் வருஷம் பூரா கூடாது. ஒரு வருஷம் 60 நாள், அடுத்த வருஷம் அதைவிடக் குறைச்சல். மத்த நேரம் எல்லாருக்கும் வேற வேலை உண்டு.

13-வது தொகுதியில அப்போ உறுப்பினரா இருந்தவர் பாப் மார்ஷல், குடியரசுக் கட்சி. 1992-ல இருந்து அவர்தான். சமூக விஷயங்கள்ல ரொம்பக் கடுமையானவர். ஒரே பாலினத் திருமணத்தை வர்ஜீனியா அரசியல் சட்டத்துலயே தடை செஞ்ச 2006-ஆம் வருஷத் திருத்தம் அவர் சேர்ந்து எழுதினது. 2017 ஜனவரியில ஒரு மசோதா கொண்டு வந்தார். அரசுக் கட்டடங்கள்ல யார் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம்னு பிறப்புச் சான்றிதழை வச்சு முடிவு பண்ற மசோதா. அவருடைய கட்சிக்காரங்களே பெரும்பான்மையா இருந்த குழுவுலயே அது செத்துப் போச்சு.

ஆனா அவரை அதோட முடிச்சுடக் கூடாது. ரோடு விஷயத்துல அவருக்கும் ஒரு வரலாறு இருக்கு. வடக்கு வர்ஜீனியாவுல ரோடு போட, ஒரு வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு வரி போடுற அதிகாரத்தைச் சட்டமன்றம் 2007-ல கொடுத்துச்சு. மார்ஷல் வழக்குப் போட்டார். 'மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு அமைப்பு எப்படி வரி போடலாம்?'னு கேட்டார். 2008-ல மாநில உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதுதான் சரின்னு தீர்ப்பு சொல்லிச்சு. கொள்கையா அது தப்பே இல்லாத கேள்வி. ஆனா அந்த வரியை நம்பியிருந்த ரோடு வேலைங்களுக்குப் பணத்துக்கு வேற வழி தேட வேண்டியதாச்சு. ரெண்டும் உண்மை.

எதிர்ல நின்னவர் டேனிகா ரோம், ஜனநாயகக் கட்சி. அதே மனாஸஸ்ல பொறந்து வளர்ந்தவர். அப்போ அவருக்கு வயசு 33. உள்ளூர்ப் பத்திரிகையில ஒன்பது வருஷத்துக்கு மேல நிருபரா வேலை பாத்தவர். மெட்டல் இசைக் குழுவுல பாடினவர். ஜூன் மாசம் கட்சிக்குள்ள நடந்த தேர்தல்ல நாலு பேர்ல முதல்ல வந்து வேட்பாளர் ஆனார்.

உள்ளூர் நிருபர்னா என்ன வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. கவுன்ட்டி வாரியக் கூட்டத்துல கடைசி வரைக்கும் உக்காந்திருக்கணும். ரோடு அகலப்படுத்துறதைப் பத்தி அதிகாரி வாசிக்கிற அறிக்கையைக் கேட்டு எழுதணும். பள்ளி பட்ஜெட், குடிநீர் இணைப்பு, மின்கம்பி எந்த வழியா வரும், எல்லாம் அவர் மேசைக்கு வந்திருக்கும். வேட்பாளர் ஆகும்போது அந்த நோட்டுப் புத்தகங்கள்தான் அவருக்குத் தேர்தல் அறிக்கை ஆச்சு.

ரூட் 28 எப்படி மாநில விஷயம் ஆகுது?

ரோம் திரும்பத் திரும்பச் சொன்ன முதல் விஷயம்: ரூட் 28-ஐ சரி பண்ணணும். இங்க நமக்கு ஒரு சந்தேகம் வரணும். ஊருக்குள்ள போற ஒரு ரோட்டோட டிராஃபிக் கவுன்ட்டி வேலைதானே? சட்டமன்ற வேட்பாளர் இதை ஏன் பேசணும்?

பதில் வர்ஜீனியாவோட சட்டத்துல இருக்கு. நம்ம மொழியில சொல்றேன். ஒரு சர்வர்ல யூசருக்கு அனுமதி கொடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்லாம் பண்ணலாம், தடுத்ததை மட்டும் பண்ணக் கூடாது. இன்னொண்ணு, எதுவும் பண்ணக் கூடாது, பேர் சொல்லி அனுமதிச்சதை மட்டும் பண்ணலாம். வர்ஜீனியாவுல கவுன்ட்டியும் நகரங்களும் ரெண்டாவது வகை. மாநிலச் சட்டமன்றம் வெளிப்படையாக் கொடுக்காத அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது. இதுக்கு 'டில்லன் விதி'ன்னு பேரு. 19-ஆம் நூற்றாண்டுல ஜான் டில்லன்னு அயோவா மாநில நீதிபதி ஒருத்தர் எழுதின தீர்ப்புல இருந்து வந்தது.

ரோட்டுக்கு இன்னொரு சட்டமும் இருக்கு. 1932-ல பொருளாதார நெருக்கடி நேரத்துல, கவுன்ட்டி ரோடுகளை எல்லாம் மாநில அரசே எடுத்துக்குச்சு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு கவுன்ட்டி தவிர மத்த எல்லா கவுன்ட்டியிலயும் ரோட்டைப் பாத்துக்கறது மாநிலப் போக்குவரத்துத் துறைதான். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள்ல இப்படி இல்ல.

அதனால வர்ஜீனியாவுல ஒரு சட்டமன்ற வேட்பாளர் 'உங்க வீட்டு முன்னாடி ரோடு'ன்னு பேசினா, அது சும்மா ஓட்டுக்காகப் பேசுறது இல்ல. உண்மையிலேயே அவர் கைக்கு எட்டுற இடம் அது. ரோம் அந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்ததுல எனக்குப் பிடிச்சது இதுதான். அந்தப் பதவியோட ரூட் அக்சஸ் எந்த ஃபோல்டருக்கு இருக்குன்னு தெரிஞ்சவர் எழுதின வாக்குறுதி அது.

சரி, எப்படிச் சரி பண்றது? அவர் சொன்ன வழி, நெரிசல் இருக்குற இடங்கள்ல சிக்னல்களை எடுத்துட்டு மேம்பாலம் மாதிரி வேற ஏற்பாடு பண்றது. இதுக்குப் பின்னாடி எளிமையான கணக்கு இருக்கு. நிக்காம ஓடுற ஒரு லேன்ல ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1,900 வண்டி போகும்னு போக்குவரத்துப் பொறியாளர்கள் கணக்கு வைப்பாங்க. நடுவுல ஒரு சிக்னல் வச்சு, பாதி நேரம்தான் பச்சைன்னா, அதே லேன்ல 950 வண்டிதான். ரோட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்தப் பாதி, பாதிதான். நம்ம கோடுல ஒரு லாக் இருந்தா எத்தனை த்ரெட் போட்டாலும் எல்லாம் வரிசையில நிக்குமே, அதே கதை. நான் தினமும் நின்னுட்டிருந்தது அந்த லாக்குலதான்.

பிரச்சனை எந்த இடத்துல இருக்கு, எப்படிச் சரியாகும், யாருக்கு அதிகாரம் இருக்கு. மூணும் அந்த ஒரே நிலைப்பாட்டுல இருந்துச்சு.

மாநிலம் முழுக்கவும் உள்ள விஷயங்கள்

ரோடு மட்டும் பேசினா அது கவுன்சிலர் தேர்தல் ஆயிடும். ரோம் மாநில அளவுல ரெண்டு விஷயத்தை முக்கியமாப் பேசினார். ஒண்ணு ஆசிரியர் சம்பளம். வாஷிங்டனைச் சுத்தி இருக்குற பணக்கார கவுன்ட்டிகளோட பாத்தா அவர் பகுதி ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைச்சல். பக்கத்து கவுன்ட்டியில அதிகமாக் கொடுத்தா நல்ல ஆசிரியர்கள் ஆத்தைத் தாண்டிப் போயிடுவாங்க. அவங்க போறதும் இதே ரூட் 28-லதான்.

இன்னொண்ணு மெடிக்கெய்ட். இது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஒபாமா காலத்துல 2010-ல வந்த சட்டம், குறைந்த வருமானம் உள்ள இன்னும் நிறையப் பேரை இதுல சேர்க்கச் சொல்லிச்சு. 2012-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்குறதும் சேர்க்காததும் அந்தந்த மாநிலத்தோட விருப்பம்னு சொல்லிடுச்சு. செலவுல பெரும்பகுதியை மத்திய அரசு ஏத்துக்கும், 2020-ல இருந்து 90 சதவீதம். அப்படியும் வர்ஜீனியா சட்டமன்றம் வருஷா வருஷம் வேண்டாம்னே சொல்லிட்டு வந்துச்சு.

இதுதான் மாநில விஷயத்துக்கும் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம். ரோட்டுக்கு ஒரு உறுப்பினர் துறை அதிகாரியைத் துரத்தலாம், நிதி ஒதுக்கக் கேக்கலாம், மசோதா கொண்டு வரலாம். மெடிக்கெய்டுல அவர் 100-ல ஒரு ஓட்டு, அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு ஓட்டு எவ்வளவு பெருசுன்னு 2017 காட்டுச்சு.

தேர்தலுக்கு முன்னாடி குடியரசுக் கட்சிக்கு 66, ஜனநாயகக் கட்சிக்கு 34. ஜனநாயகக் கட்சி 15 இடம் கூடுதலா ஜெயிச்சு 51-49 ஆச்சு. அதுலயும் ஒரு தொகுதியில ரெண்டு பேருக்கும் சமமான ஓட்டு. 2018 ஜனவரி 4 அன்னைக்கு, கிண்ணத்துல ரெண்டு சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தாங்க. உத்திரமேரூர் குடவோலை ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு. சீட்டு குடியரசுக் கட்சிக்காரர் பேருக்கு விழுந்துச்சு. வேற பேர் வந்திருந்தா 50-50.

அப்படி நெருக்கமான சபையில, அதே வருஷம் மே 30 அன்னைக்கு மெடிக்கெய்ட் விரிவாக்கம் 67-31-ன்னு நிறைவேறிச்சு. ஆளுங்கட்சியில இருந்தே பலர் இந்தப் பக்கம் வந்தாங்க. சுமார் 4 லட்சம் பேர் காப்பீட்டுக்குத் தகுதி ஆனாங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. ரோம் தனியாச் சாதிச்சது இல்ல இது. அந்த 15 இடத்துல ஒண்ணு அவரோடது, அவ்வளவுதான். ஆனா 'நான் போனா இதுக்கு ஆதரவா ஓட்டுப் போடுவேன்'னு சொன்ன ஒரு வரி, 4 லட்சம் பேரோட ஆஸ்பத்திரிச் செலவு வரைக்கும் போகுது.

அவரையே ஒரு 'விஷயம்' ஆக்கினப்போ

இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதிக்கு வரேன். மார்ஷல் அவரோட நேருக்கு நேர் விவாதத்துக்கு வர மறுத்துட்டார். ரோமை 'அவன்'னு ஆண்பாலாவே சொன்னார். கட்சி அனுப்பின துண்டுப் பிரசுரத்துலயும் அப்படியேதான் இருந்துச்சு. நாடு பூரா இருந்து வந்த நிருபர்களும், நல்ல எண்ணத்தோடயே, அதே ஒரு கேள்வியைத்தான் கேட்டாங்க.

ரோம் என்ன பண்ணினார்னா, அதை மறைக்கவும் இல்ல, அதையே பேசிட்டிருக்கவும் இல்ல. கேட்டா ஆமான்னு சொல்லுவார், அடுத்த வாக்கியத்துல ரூட் 28-க்கு வந்துடுவார். நான் பாலின அடையாளத்தைக் காட்டி ஓட்டுக் கேக்கல, அதை மறைச்சும் கேக்கல. நான் பேசுறது ரோடு, சம்பளம், காப்பீடுங்கிற மாதிரி.

இது ஏன் முக்கியம்னு நினைக்கிறேன்னா, நம்மள்ல பெரும்பான்மையா இருக்குறவங்க தேர்தல்ல நின்னா, நம்மகிட்ட விஷயங்களைப் பத்திக் கேப்பாங்க. ஒரு திருநங்கை நின்னா அவங்களே விஷயம் ஆயிடுறாங்க. ரோட்டைப் பத்தி அவங்களுக்கு ஒரு கருத்து இருக்கும்னே யாருக்கும் தோணுறதில்ல. நானும் அந்த மதியம் அதைத்தான் பண்ணினேன். மார்ஷல் வெறுப்போட பாத்தார், நான் ஆர்வத்தோட பாத்தேன். ரெண்டு பேருமே ரோட்டைப் பாக்கல.

முடிவு வந்தப்போ ரோமுக்குச் சுமார் 54 சதவீத ஓட்டு. தோத்தவரைப் பத்திக் கேட்டாங்க. என் தொகுதி மக்களை நான் தாக்கிப் பேச மாட்டேன், மார்ஷலும் இப்ப என் தொகுதிக்காரர்தான்னு சொன்னார். அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் ஒண்ணுக்கு வெளிப்படையாத் திருநங்கைன்னு அறிவிச்சு, ஜெயிச்சு, பதவியும் ஏத்தவங்கள்ல அவர்தான் முதல் ஆள். நம்ம நாட்டுல இது அதுக்குப் பல வருஷம் முன்னாடியே நடந்துச்சு. மத்தியப் பிரதேசத்துல சோஹாக்பூர் தொகுதியில இருந்து, ஹிஜ்ரா சமூகத்தைச் சேர்ந்த ஷப்னம் மௌசி எம்.எல்.ஏ. ஆனார். அவருடைய தொகுதியில அவர் என்ன பேசினார்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சது அவர் பேரு மட்டும்தான். அதுவும் என்னைக் கொஞ்சம் உறுத்துது.

ஒரு விஷயத்துல நியாயமா இருக்கணும். ரோட்டால மட்டுமே அவர் ஜெயிச்சார்னு நான் சொல்ல மாட்டேன். அது டிரம்ப் பதவிக்கு வந்த முதல் வருஷம், மாநிலம் பூரா ஜனநாயகக் கட்சிக்கு அலை. அந்தத் தொகுதியில 2016-லயே ஹிலாரி கிளின்டனுக்குத்தான் அதிக ஓட்டு. ஆனா 25 வருஷமா இருந்தவரைத் தோக்கடிக்க அலை மட்டும் போதாது. வீட்டு வாசல்ல நின்னு பேச ஒரு விஷயம் வேணும்.

சரி, ரோடு சரியாச்சா?

நான் 2022-ல நாப்பது நிமிஷம் நின்னேன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டேனே. அதுதான் பதில். ஜெயிச்சு அஞ்சு வருஷம் ஆகியும், காலைல எட்டு மணிக்கு ரூட் 28 அப்படியேதான் இருந்துச்சு.

ஒண்ணுமே நடக்கலன்னு இல்ல. 2019 நவம்பர்ல பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டி மக்கள் ரோடுகளுக்காகக் கடன் பத்திரம் வெளியிட ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாங்க. மொத்தம் 35.5 கோடி டாலர். அதுல பெரிய பங்கு, 20 கோடி டாலர், ரூட் 28 நெரிசலுக்கு. ஆனா எப்படிச் செலவு பண்றதுன்னு வந்தப்போ சண்டை. இருக்குற ரோட்டை அகலப்படுத்தினா கடைங்க போகும். புறவழிச்சாலை போட்டா ஆத்தங்கரையும் சில வீடுகளும் போகும். 2020-ல கவுன்ட்டி வாரியம் ஒரு வழியை முடிவு பண்ணி, சில வாரத்துலயே மாத்தி இன்னொரு வழிக்கு ஓட்டுப் போட்டுச்சு. யாரோட வீடு இடிபடும்னு வரும்போது சிக்னல் கணக்கு மாதிரி எளிமையான விடை கிடையாது.

அப்போ ரோம் தோத்துட்டாரா? நான் அப்படிப் பாக்கல. தொகுதி மக்கள் 2019-லயும் 2021-லயும் அவரையே தேர்ந்தெடுத்தாங்க. 2023-ல மாநில செனட்டுக்கும் அனுப்பினாங்க. 'வளமான எதிர்காலம்'னு ஒரு வாக்குறுதி கொடுத்தா அது நிறைவேறிச்சா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. ரூட் 28-ன்னு நம்பர் போட்டுச் சொன்னா, வெளியில இருந்து ஒன்பது மாசத்துக்கு வந்த என்னால கூட 'இன்னும் இல்ல'ன்னு சொல்ல முடியுது. தன்னைச் சோதிச்சுப் பாக்க நமக்கு ஒரு டெஸ்ட் கேஸைக் கையில கொடுத்தாரு பாருங்க, அந்தத் தைரியம் பெருசு.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், ஏன்னா இது நம்ம தொழிலோட சம்பந்தப்பட்டது. உலகத்துலயே டேட்டா சென்டர் அதிகமா குவிஞ்சிருக்குறது வடக்கு வர்ஜீனியாவுலதான். நீங்க எழுதுற கோடு, பாக்குற வீடியோ, ஏதோ ஒரு நேரத்துல அங்க ஓடியிருக்கும். மனாஸஸ்ல 1861-லயும் 1862-லயும் உள்நாட்டுப் போர்ல சண்டை நடந்த இடம் தேசியப் பூங்காவா இருக்கு. அதை ஒட்டி சுமார் 2,100 ஏக்கர்ல டேட்டா சென்டர் வளாகத்துக்கு 2023 டிசம்பர்ல கவுன்ட்டி வாரியம் அனுமதி கொடுத்துச்சு. விடிய விடிய நடந்த கூட்டம் அது. ரோம் அதை எதிர்த்தார், செனட்டுல அது பத்தி மசோதாக்களும் கொண்டு வந்தார், உடனே நிறைவேறல. 2025-ல நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாதுன்னு சொல்லிச்சு. கவுன்ட்டிக்கு வரி வருமானம் வேணும், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ராத்திரி அமைதி வேணும், நமக்குக் கிளவுட் வேணும். இதுல யார் பக்கம்னு எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியல. என் சம்பளமும் அந்தக் கட்டடங்கள்ல இருந்துதான் வருது.

திரும்பி வந்தப்புறம்

கடைசியா ஒண்ணு. 2021 தேர்தலப்போ சென்னையில எங்க அபார்ட்மென்ட்டுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். ஓ.எம்.ஆர்.ல இருக்கோம். கீழ இறங்கிப் போனேன், கும்பிட்டார், கும்பிட்டேன், ஒரு செல்ஃபி எடுத்துக்கிட்டேன், மேல வந்துட்டேன். அவர் எந்தக் கட்சி, என்ன ஆளுங்கன்னு எல்லாம் எங்க வாட்ஸ்அப் குரூப்ல பேசினோம். இந்த ரோட்டுக்கு, இந்தத் தண்ணி லாரிக்கு என்ன பண்ணுவீங்கன்னு நான் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல.

அந்த ரோடு மாநகராட்சியோடதா, மாநில அரசோடதான்னு கேட்டிருந்தா அன்னைக்கு எனக்குத் தெரியாது. மனாஸஸ்ல இருந்து வந்தப்புறம்தான் தேடிப் பாத்தேன். ஓ.எம்.ஆர்., அதாவது ராஜீவ் காந்தி சாலையை ஐ.டி. எக்ஸ்பிரஸ்வேயா மாத்தினது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். மாநில அரசோட அமைப்பு. அப்போ எம்.எல்.ஏ. வேட்பாளர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விதான் அது. கவுன்சிலர் தேர்தல் வரட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல.

இனிமே எந்த வேட்பாளரோட நோட்டீஸ் கைக்கு வந்தாலும் நான் ஒரு பேனாவை எடுத்துக்கறேன். ஒவ்வொரு வாக்குறுதி பக்கத்துலயும் மூணு விஷயம் எழுதுவேன். இது எந்த இடம்? இந்தப் பதவிக்கு இதுல அதிகாரம் இருக்கா? அஞ்சு வருஷம் கழிச்சு நான் போய்ப் பாத்தா, நடந்துச்சா இல்லையான்னு தெரியுமா? முதல் தடவை பண்ணினப்போ, ஒரு பக்க நோட்டீஸ்ல மூணுக்கும் பதில் இருந்த வாக்குறுதி ஒண்ணே ஒண்ணு. ஒரு பாலம். சரி, அந்த ஒண்ணைப் பத்திக் கேக்கலாமேன்னு இருக்கு.

உங்க ஊர்ல ரூட் 28 எது? எந்த ரோடு, எந்த ஏரி, எந்தப் பள்ளிக்கூடம்? அது யார் கையில இருக்குன்னு தெரியுமா? தேடிப் பாத்து எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடுல நாலஞ்சை எடுத்துப் பேசுவோம்.

சிக்னல்ல நின்னுக்கிட்டே இதைக் கேட்டுட்டிருந்தா, பச்சை விழுந்துடுச்சான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.